நிலையான மேட்டுநிலம்



உவமையும் உருவகமும் கவிஞர்க்கே உரிய கருவிகள் என்று எண்ணுவது வழக்கம். பொருளியல் அறிஞர் ஒருவர் கையாண்ட உருவகம் அவருடைய புகழைக் கவிழ்த்த செய்தி கவிஞர் அவையில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் குறியீட்டெண்கள் பற்றி 1922-இல் பெருநூல் எழுதியவர், கணிதம் தேர்ந்தவர். 1929 அக்டோபர் நடுவில், பங்கு விலைகள் நிலையானதோர் உயர்ந்த மேட்டுநிலத்தை எட்டிவிட்டனபோலத் தோன்றுவதாக நியூயார்க்கில் அவர் உரைத்தார். 24-ஆம் நாள் சந்தை நிலைகுலைந்தது. 28, 29 ஆகிய இரு நாள்களில் மட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. செப்டம்பர் 3-இல் 381 ஆக இருந்த அது, 1932 ஜூலை 8-இல் 41-க்கு இறங்கியது.

அவர் திரட்டிய எண்கள் அதுவரை நிகழ்ந்ததையே கூறின. இனி நிகழ்வதைக் கூறியது உருவகம். மேட்டுநிலம் என்றதும் கேட்போர் கண்முன் அசையாத மண் ஒன்று வந்து நின்றது. விலையோ பலர் மனநிலையின் நிழல்.

ஃபிஷர் ஊருக்கு உரைத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றவர் அல்லர். குறிப்பட்டைகளை அடுக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்து ஈட்டிய பெருஞ்செல்வத்தோடு கடனும் வாங்கிச் சேர்த்துப் பங்குகளில் இட்டிருந்தார். அச்செல்வம் அழிந்தது. அவர் குடியிருந்த வீட்டைப் பல்கலைக்கழகமே விலைக்கு வாங்கி அவருக்கு வாடகைக்கு விட நேர்ந்தது. பொய்யுரைத்தார் என்று அவரைப் பழிக்க இயலாது; தம் சொல்லை முதலில் நம்பியவர் அவரே.

அப்படியானால், அதே செப்டம்பர் 5-இல் வீழ்ச்சியை முன்னுரைத்த ரோஜர் பாப்சனை மெய்யான நிமித்திகர் எனலாமா? அவ்வெச்சரிக்கையை முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் தாம் சொல்லியதாக அவரே அவ்வுரையில் குறிப்பிட்டார். அவர் சொற்கேட்டு 1927-இல் பங்குகளை விற்றவர் இரண்டாண்டு ஏற்றத்தை இழந்திருப்பார். நாள்தோறும் மழை வருமென்பவர் ஒருநாள் நனையத்தான் செய்வார்!

இதனை எண்களால் சோதித்தவர் ஆல்ஃபிரட் கௌல்ஸ். 1928 முதல் 1932 வரை 16 ஆலோசனை நிறுவனங்கள் வழங்கிய ஏறத்தாழ 7,500 பரிந்துரைகளை ஆராய்ந்தார். சராசரிப் பங்கினும் அவை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைவாகவே பயன் தந்தன. சீட்டுக் குலுக்கிக் கற்பனைக் கணிப்புகளை உண்டாக்கியும் ஒப்பிட்டார். தலைசிறந்த கணிப்பாளரின் வெற்றியும் குலுக்கலில் வாய்க்கக்கூடிய அளவினதே என்று கண்டார். அவ்வாய்வு 1933-இல் 'எகனாமெட்ரிக்கா' இதழில் வெளிவந்தது.

அதே ஆண்டு, அதே இதழில் ஃபிஷரும் எழுதினார். கடனை அடைக்க எல்லாரும் விற்க, விற்க விற்க விலை வீழ, விலை வீழ வீழ எஞ்சிய கடனின் பாரம் ஏறும் கொடுமையை அவர் விளக்கினார். வருவதைச் சொல்லத் தவறியவர், வந்தது எங்ஙனம் வந்தது என்பதைத் தெளிவுறச் சொன்னார். மேட்டுநிலத்தை மறவாத உலகம் அதற்கு அன்று போதிய செவி சாய்க்கவில்லை. அக்கோட்பாட்டின் மதிப்பைப் பின்வந்தோரே உணர்ந்தனர். ஃபிஷர் 1947-இல் மறைந்தார். 1929-இன் உயரத்தைக் குறியீடு மீண்டும் தொட்டது 1954 நவம்பரில்.