நகரப் பூங்காவில் ஒரு பருந்துக் குடும்பம்

(மகாவீர் ஜெயந்தி விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் அழைத்தபோது, பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன், மகிழ்ந்தார்கள். பருந்தைப் பற்றி என்றேன், சற்றே தயங்கினார்கள். அத்தயக்கம் இயல்பே. ஊனன்றி வேறொன்றும் உண்ணாத பறவை அது. ஊன் மறுத்தலை இல்லறத்தின் முதற்படியாகக் கொண்ட நாம் அதனை ஏன் உற்று நோக்கவேண்டும் என்று எவரேனும் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. அதனை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் முதலில் பறவையைக் காண்போம்.

நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் பரப்பில் சென்ட்ரல் பூங்கா அமைந்துள்ளது. அதன் கிழக்கு எல்லையாக ஓடுவது ஐந்தாம் அவென்யூ எனும் பெருவீதி. பெருஞ்செல்வர் வாழும் உயர்ந்த மாளிகைகள் அதில் வரிசையாக நிற்கின்றன. 1991-ஆம் ஆண்டு இப்பூங்காவிற்கு இளம் செவ்வால் பருந்து ஒன்று வந்து சேர்ந்தது. வட அமெரிக்கா முழுவதும் பரவலாக வாழும் இனந்தான் அது. முதல் ஆண்டில் வால் பழுப்பாகவே இருக்கும். அதன் பிறகே, பெயருக்குக் காரணமான செம்மை வந்து சேரும். இந்த ஆண்பறவையின் தலையும் மார்பும் வழக்கத்திற்கு மாறாக வெளிறியிருந்தன. அதனால் மேரி வின் எனும் எழுத்தாளர் அதற்கு 'பேல் மேல்', அதாவது 'வெளிறிய ஆண்' என்று பெயரிட்டார். பின்னர் 1998-இல் இப்பருந்துகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இவ்வினம் கூடு கட்டுவது உயர்ந்த மரங்களிலும் மலைமுகடுகளிலும். பேல் மேலும் முதலில் மரத்தையே நாடியது. காகங்கள் விடவில்லை, துரத்திவிட்டன. காகங்கள் கூடிப் பருந்தைத் துரத்துவதை நம் ஊர் வானத்திலும் நாம் கண்டிருக்கிறோம். 1993-இல் அது தன் துணையுடன் ஐந்தாம் அவென்யூவின் 927-ஆம் எண் மாளிகையைத் தேர்ந்தது. பன்னிரண்டாம் மாடிச் சாளரமொன்றின் மேலே சுவரினின்று புடைத்து நிற்கும் விளிம்பே இடம். புறாக்கள் வந்து அமராதிருக்க அவ்விளிம்பில் இரும்பு முட்களைப் பதித்திருந்தார்கள். அம்முட்கள் பருந்து கொணர்ந்த சுள்ளிகளைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டன. ஒரு பறவையை விரட்ட வைத்தது மற்றொரு பறவைக்கு அடித்தளமாயிற்று. 1995-இல் அக்கூட்டினின்று மூன்று குஞ்சுகள் பறந்தன.

இணை சேரும் காலத்தை நான் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். பனிக்காலம் முடியுமுன்னரே, மரங்கள் இன்னும் இலையின்றி நிற்கும்போதே, ஆணும் பெண்ணும் வானில் பெருவட்டமிடத் தொடங்கும். ஆண்பறவை மேலே மேலே ஏறிச்சென்று, சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு கல் விழுவதுபோலச் செங்குத்தாக இறங்கும், மீண்டும் ஏறும். சில வேளைகளில் கால்களைத் தொங்கவிட்டபடி பெண்பறவைக்கு மேலாக மெல்ல மிதந்து வரும். உகிரோடு உகிர் கோத்து இரண்டும் சுழன்று இறங்குவதும் உண்டு. இவ்வினத்தில் பெண்ணே ஆணினும் பெரிது, எடையும் மிகுதி. பிறகு சுள்ளி சேர்க்கும் வேலை. உலர்ந்த கிளையில் அமர்ந்து, அலகாலும் காலாலும் முறித்து, கூட்டிற்குக் கொணர்ந்து, வைத்ததை எடுத்து மாற்றி வைத்து, மீண்டும் பறக்கும். உட்புறத்தில் மரப்பட்டை நாரும் பசுந்தழையும் பரப்பும். பழைய கூடு இருந்தால் அதனையே ஆண்டுதோறும் செப்பனிடும். அதனால் கூடு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும்.

பெண்பறவை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். ஏறத்தாழ ஐந்து வாரம் அடைகாத்தல். இதில் ஆணுக்கும் பங்குண்டு. துணை எழுந்து சிறகு விரித்து வரும்வரை தான் அமர்ந்து காக்கும். இரை தேடிக் கொணர்வது பெரிதும் அதன் கடமை. குஞ்சு பொரிந்தபின் தாய் இரையைச் சிறு சிறு துணுக்குகளாகக் கிழித்து, ஒவ்வொரு வாய்க்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஊட்டும். கிழிக்கும் அலகு அது. ஆயினும் குஞ்சின் வாயில் அத்துணுக்கை அது வைக்கும் பதம் காணத்தக்கது. ஆறு வாரத்திற்குச் சற்று மேற்பட்டால் குஞ்சுகள் விளிம்பில் வந்து நின்று சிறகடித்துப் பழகும்.

2011-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, நானும் என் துணைவியாரும் இதனைச் சில நாள்கள் நேரிற் கண்டோம். பொம்மைப் படகுகள் விடும் குளம் ஒன்று அப்பூங்காவில் உண்டு. அதன் கரையிலுள்ள இருக்கைதான் பருந்து பார்ப்போரின் இடம். பெரிய தொலைநோக்கிகளை முக்காலியில் நிறுத்தியிருப்பார்கள். யார் வந்து நின்றாலும் 'பாருங்கள்' என்று தாம் விலகி இடம் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவமனைப் பணியாளர், பள்ளிச் சிறுவன், எவராயினும் அங்கே ஒரே பேச்சுத்தான்: 'இன்று எத்தனை முறை இரை வந்தது?' எவரும் கூட்டின் அருகே செல்ல முயல்வதில்லை. பறவைக்கு உணவு வைப்பதுமில்லை. தொலைவில் இருந்துகொண்டு, ஒன்றும் செய்யாமல், நாள் முழுவதும் ஓர் உயிரைக் கவனித்திருத்தல் எளிதன்று. பத்து நிமிடம் அமர்ந்து பார்த்தவர்கள் நான் சொல்வதை அறிவார்கள்.

ஒரு நாள் ஆண்பருந்து புறாவொன்றைப் பற்றிவந்து எதிரிலிருந்த மரக்கிளையில் அமர்ந்து இறகு பிடுங்கத் தொடங்கியது. வெண்ணிறகுகள் ஒவ்வொன்றாகக் குளத்து நீரில் விழுந்தன. என் துணைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருகிலிருந்த மூதாட்டி, "அம்மா, மேலே மூன்று வயிறு காத்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். என் துணைவியார் விடை கூறவில்லை. வீடு திரும்பும் வழியில், "அந்தப் புறாவிற்கும் எங்கேனும் கூட்டில் குஞ்சு இருந்திருக்கும்" என்றார். இரண்டும் மெய்யே. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள என்னால் இன்றுவரை இயலவில்லை.

நம் மரபும் பருந்தைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டதில்லை. பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாத சுவாமியின் முற்பிறவியாகிய மேகரதன் வரலாற்றில் புறாவோடு பருந்தும் வருகிறது. சுவேதாம்பர மரபில் பதினான்காம் தீர்த்தங்கரர் அனந்தநாத சுவாமியின் இலாஞ்சனமே வல்லூறுதான். நம் திகம்பர மரபில் இலாஞ்சனம் வேறு. தில்லி செங்கோட்டைக்கு எதிரேயுள்ள திகம்பர லால் மந்திரில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையை உங்களில் யாத்திரை சென்றோர் பார்த்திருக்கலாம். அங்கே ஊனுண்ணும் பறவைகளுக்கும் காயத்திற்கு மருந்திடுகிறார்கள். ஆனால் உள்நோயாளியாக வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் ஊன் ஊட்டவேண்டும். இதனைக் குறைகூறுவோர் உண்டு. நான் குறைகூறமாட்டேன். விடையில்லாத இடத்தில் அறவோர் தடுமாறி நின்று வரைந்த எல்லைக்கோடு அது. கருணை காட்டவும் வேண்டும், கொலைக்கு உடந்தையாகவும் கூடாது என்ற இரண்டு கடமைகளையும் அக்கோடு தாங்கி நிற்கிறது.

இனி அக்கூட்டிற்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 7 அன்று, மாளிகையின் நிர்வாகக் குழு ஆள்களை அனுப்பிக் கூட்டையும் இரும்பு முட்களையும் அகற்றிவிட்டது. இரையின் எச்சங்கள் நடைபாதையில் விழுகின்றன, பாதுகாப்பில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. தலைமேல் புறாவின் எலும்பு விழுவதை யாரும் விரும்பமாட்டார்கள். வலசைப் பறவைகளைக் காக்கும் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உண்டு. ஆயினும் முட்டையோ குஞ்சோ இல்லாத கூட்டை அகற்றலாம் என்று 2003-இல் அரசு அதற்கு விளக்கமளித்திருந்தது. டிசம்பரில் கூடு வெறுமையாகத்தான் இருந்தது. பேல் மேலும் அப்போதைய துணையாகிய லோலாவும் சுள்ளியைக் கொணர்ந்து வைக்க, அது நழுவி விழுந்தது.

அந்நகரத்து மக்கள் செய்ததை நினைக்கும்போது வியப்பு உண்டாகிறது. பெருங்குளிரில் நாள்தோறும் மாளிகையின் எதிரே திரண்டு நின்றார்கள். பேருந்து, சரக்குந்து ஓட்டுநர்கள் ஒலியெழுப்பி ஆதரவு காட்டிச் சென்றார்கள். அம்மாளிகையிலேயே குடியிருந்த நடிகை மேரி டைலர் மூர் தம் அண்டை வீட்டாரை எதிர்த்து மக்களோடு நின்றார். நியூயார்க் நகர ஆடுபான் சங்கம் பேச்சு நடத்தியது. டிசம்பர் 23 அன்று முட்கள் மீண்டும் வந்தன. கூட்டைத் தாங்க எஃகுச் சட்டமொன்றும் பொருத்தப்பட்டது. பருந்துகளும் திரும்பிவந்து சுள்ளி அடுக்கின.

செய்தித்தாள்களில் இக்கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. பின்னால் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் லோலா முட்டையிட்டு, பொரிக்கும் காலம் கடந்தும் எழாமல் அமர்ந்திருந்தது, முட்டைகள் பொரியவில்லை. 2005 முதல் 2010 வரை அக்கூட்டில் ஒரு குஞ்சுகூட இல்லை. எஃகுச் சட்டத்தின் கம்பிகளைக் காரணம் கூறினார்கள். பின்னர் அதைத் திருத்தியும் பார்த்தார்கள். பறவையின் முதுமை என்றும் கூறினார்கள். ஒரு நாள் காலையில் பிரித்தெறிந்ததை அத்தனை பேர் கூடியும் பழையபடி ஆக்கித்தர இயலவில்லை. 2010 இறுதியில் லோலாவும் காணாமற் போயிற்று. அடுத்த துணையோடுதான் 2011-இல் மீண்டும் குஞ்சுகள் பிறந்தன. நாங்கள் கண்டது அவற்றையே.

அத்துணைக்கு லீமா என்று பெயர். மறு ஆண்டு பிப்ரவரியில், அடுத்த முட்டைக்காலம் நெருங்கும் வேளையில், அது பூங்காவில் இறந்து கிடந்தது. சோதித்தபோது அதன் உடலில் எலி நஞ்சு இருந்தது.

இதனைப் பெரியோர்கள் கருணையோடு கேட்கவேண்டுகிறேன். இக்காலத்து எலி நஞ்சுகள் பல, தின்றவுடன் கொல்வன அல்ல. குருதி உறைவதற்கு வேண்டிய 'கே' உயிர்ச்சத்தின் சுழற்சியை அவை தடுக்கின்றன. எலி உடனே சாகாது. சில நாள் உலவும், மேலும் மேலும் தின்னும், உள்ளே குருதி கசியும், நடை தளரும். தளர்ந்த எலியே பருந்திற்கு எளிதில் அகப்படுவது. எலியின் உடலில் இருந்த நஞ்சு பருந்தின் ஈரலுக்குச் சென்று தங்குகிறது. அடுத்த எலியில் இன்னும் சிறிது சேர்கிறது. 2023-இல் அப்பூங்காவின் விலங்கினக் காட்சிசாலையினின்று வெளியேறி ஓராண்டு சுதந்திரமாக வாழ்ந்த ஃபிளாக்கோ எனும் பேராந்தை 2024 பிப்ரவரியில் இறந்தபோதும், அதன் உடலில் எலி நஞ்சும் புறாக்களிடமிருந்து தொற்றும் ஒரு நச்சுயிரியும் மிகுந்திருந்தன.

நஞ்சு வைத்தவர் எவரும் பருந்தைக் கொல்ல எண்ணியவர் அல்லர். நம் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து, இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை அறவே விடவேண்டும் என்று விதித்தார்கள். களஞ்சியத்தில் நஞ்சுக் கட்டி வைப்பது எதில் சேரும்? நெல்லைக் காப்பதற்காக என்போம். ஆனால் எலி சாகவேண்டும் என்று எண்ணித்தானே வைக்கிறோம்? அதற்குப் பின், வயலோரப் பனையிலிருந்து இறங்கி அந்த எலியைத் தின்ற கூகைக்கு யார் கணக்கு வைப்பது? ப்ரோமாடியலோன் எனும் அதே வகை நஞ்சுதான் நம் ஊர்க் கடைகளிலும் 'எலி கேக்' என்று விற்கிறது. நம்மவரில் வேளாண் குடும்பங்கள் மிகுதி. நெல் மூட்டை இல்லாத வீடு அரிது. ஆகவே இவ்வினாவைச் சாத்திரம் கற்ற மூத்தோரிடம் வைக்கிறேன். எனக்கு விடை தெரியும் என்று நடிக்கமாட்டேன். என் வீட்டில் கூண்டுப்பொறி மட்டுமே வைக்கிறோம், அகப்பட்டதைத் தொலைவில் கொண்டுபோய் விடுகிறோம். அது அலுப்பான வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாக்கோவின் இறப்பிற்குப் பின், 2024-இல் நியூயார்க் நகர மன்றம் அந்த ஆந்தையின் பெயராலேயே வழங்கும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. எலிகளைக் கொல்வதற்கு மாறாக, அவை கருவுறாதிருக்கச் செய்யும் உணவுருண்டைகளைச் சில பகுதிகளில் வைத்துச் சோதிப்பதற்கான சட்டம் அது. அகிம்சை என்ற சொல்லை அறியாதவர்கள் ஓர் ஆந்தையின் பொருட்டு இவ்விடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சோதனை வெல்லுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

பேல் மேல் 2023 மே மாதம் இறந்ததாக அறிவித்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு செவ்வால் பருந்து காட்டில் வாழ்வது மிக அரிது. காலில் அடையாள வளையமும் இல்லை. ஆகவே அது அப்பறவைதானா என்று பார்வையாளர் இன்றும் வாதிடுகிறார்கள். இதற்குள் நகரின் வேறு பல கட்டடங்களிலும் அவ்வினம் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை நோக்கிய பல்கலைக்கழக நூலகத்தின் பன்னிரண்டாம் மாடி விளிம்பில் 2011-இல் ஓர் இணை கூடு கட்டியபோது, எவரும் அதனைக் கலைக்கவில்லை; கண்ணாடிக்கு இப்புறம் ஒரு படக்கருவியை மட்டும் வைத்தார்கள்.

 எலிப்பொறியைப் பற்றிக் கேட்க விரும்புவோர் உணவுக்குப் பின் என்னைக் காணலாம்.