பாடநூலும் மாணாக்கர் மதிப்பும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதைநெல்லை ஆய்ந்து தெளிப்பதுபோலப் பாடநூலையும் ஆய்ந்து கொள்ளல் வேண்டும். அவ்வாய்வில் மாணாக்கருக்கும் இடமுண்டென்பதே நம் கருத்து.

2010-இல் சமச்சீர்க் கல்வி தொடங்கியபின் மாநில முழுதுக்கும் ஒரே பாடத்திட்டம் வந்தது. நன்றே. ஆயினும், நூலிற் குறுவையையும் சம்பாவையும் மட்டும் காணும் நாஞ்சில் நாட்டுச் சிறுவன், தந்தை வயலின் கன்னிப்பூவையும் கும்பப்பூவையும் அங்குக் காணானாயின், தன் கண்ணையே ஐயுறுவான்.

ஆதலின் ஆசிரியர், பருவந்தோறும் மூன்று வினவுக: விளங்காத சொல் யாது? ஊரிற் கண்டதோடு மாறுபடுவது யாது? மீண்டும் படிக்க விழைந்த பாடம் யாது? விடையிற் பெயர் வேண்டா. அச்சம் நீங்கின் மெய் வெளிப்படும். அவ்விடைகள் நூலியற்றுவோரைச் சேர்தல் வேண்டும்.

பொருளின் சரிபிழையைக் கற்றோர் ஆய்க. தெளிவைக் கற்பவரே அறிவர். உண்டவனன்றோ சுவையறிவான்! பெற்றோரீர், இன்றிரவே நும் மக்களை வினவுமின்.