கருவுற்ற மகளிரும் நீர்க்கோவையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கருவுற்ற மகளிர் தம் இல்லத்திலே இருக்குங்கால் நீர்க்கோவை பற்றாது காத்தல் எங்ஙனம் என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. மருத்துவம் செய்ய யாம் வந்திலோம். மருத்துவர் கண்டு கூறியவற்றை நம் வீட்டு நடைமுறையோடு பொருத்திக் காட்டுதலே எம் நோக்கம். இப்பேச்சுக் கருவுற்ற மகளிரை நோக்கியதும் அன்று. அவரோடு ஒரு கூரையின்கீழ் வாழும் கணவர், மாமியார், நாத்தனார், பிள்ளைகள், வந்து போகும் உற்றார் ஆகியோரை நோக்கியதே.

முதற்கண் பெயரை ஆராய்வோம். நீர்க்கோவை என்கின்றோம். ஜலதோஷம் என்றால் நீரின் குற்றம் என்றே பொருள். திருநெல்வேலிப் பக்கத்தார் தடுமன் என்பர். யாழ்ப்பாணத்தார் தடிமன் என்பர். இவ்விரண்டும் மூக்கு தடித்து அடைத்தலைக் குறிப்பன போலும். இவை நீரின்மேல் பழி சுமத்தவில்லை. ஆங்கிலேயரோ குளிர் என்னும் சொல்லையே நோய்க்கும் பெயராக்கினர். பெயர் செய்த மயக்கம் பெரிது. மருமகள் ஒரு முறை தும்மினால் போதும். தலைக்கு நீராடினாய், மோர் குடித்தாய், ஆரஞ்சுப் பழம் தின்றாய் என்று குற்றப்பத்திரிகை படிக்கப்படுகின்றது. பின்னர்த் தயிர் நிறுத்தப்படும், பழம் நிறுத்தப்படும், சாளரங்கள் அடைக்கப்படும். வயிற்றில் ஓர் உயிர் வளரும் காலத்தில் நல்லுணவும் நற்காற்றும் பறிபோகின்றன.

உண்மை வேறு. இந்நோயைத் தருவன வைரஸ் என்னும் நுண்கிருமிகள். அவற்றுள் ரைனோவைரஸ் என்பதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகர்க்கு அருகே, இந்நோயை ஆராய்தற்கென்றே 1946ஆம் ஆண்டில் ஒரு நிலையம் தொடங்கி 1990 வரை நடத்தினர். அங்கே அன்பர் சிலரை வெந்நீரில் குளிப்பாட்டி, ஈரத்தோடு குளிர்காற்று வீசும் நடையில் நிற்கவைத்தும் பார்த்தனர். அதனால் சளி மிகவில்லை. 2005இல் கார்டிப் நகரத்தார், குளிர்நீரில் கால் வைத்திருந்தோர்க்குச் சளிக்குறிகள் சற்று மிகுந்தன என்று கண்டதும் உண்டு. அதனையும் மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் கிருமியின்றி நீர் மட்டுமே இந்நோயை ஆக்கும் என்று எவரும் நிறுவினாரிலர். நோயைக் கொண்டுவருவது மோர்ப்பானை அன்று. மூக்கைத் துடைத்த கையோடு கதவைத் திறந்து உள்ளே வரும் நாமே.

கை வழியே பரவும் முறை எளிது. நோயாளி மூக்கைத் தொட்ட கையால் செம்பைத் தொடுகின்றார். கதவின் தாழைத் தொடுகின்றார். கைபேசியைப் பிறரிடம் நீட்டுகின்றார். கிருமி அவற்றின்மேல் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். அடுத்தவர் அதனைத் தொட்டுத் தம் கண்ணையோ மூக்கையோ தேய்த்தால் ஒன்று முதல் மூன்று நாளில் தும்மல் தொடங்கும். இருமலின் துளி வழியேயும் காற்று வழியேயும் பரவுதல் உண்டு. ஆதலின் சாளரத்தைத் திறத்தல் வேண்டும், அடைத்தல் தகாது.

இங்கே நம் முன்னோர் பழக்கம் நமக்குத் துணை நிற்கின்றது. வாயிற்படியில் நீர் வைத்துக் கைகால் கழுவி உட்புகுந்தனர். வாய் படாமல் அண்ணாந்து குடித்தனர். எச்சில் என்னும் ஒரு சொல்லால் வாய்நீரைக் குழந்தைக்கும் விளங்கும்படி விலக்கிவைத்தனர். அவ்வெச்சிலை மூக்கிற்கும் கைக்குட்டைக்கும் நீட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இன்று நாம் வாயிற்செம்பை எடுத்துவிட்டோம்; அதற்கு ஈடாகச் சோப்பினை வைத்திலோம். சோப்பிட்டு இருபது நொடியேனும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். விரல் நுனியை நனைத்தல் கழுவுதலாகாது.

பள்ளி செல்லும் மூத்த பிள்ளை உள்ள வீட்டில் இடர் மிகுதி. சிறுவர்க்கு ஆண்டிற்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடித்தல் இயல்பே. ஐப்பசி மழையில் ஒரு வகுப்பு முழுதும் தும்முவதை இருபதாண்டு கேட்ட செவிகள் எம்முடையவை. இலக்கணப் பாடத்தை அது வென்றுவிடும். கருவுற்ற தாய் தன் பிள்ளையை விலக்கி வைத்தல் இயலாது, கூடவும் கூடாது. பிள்ளை வந்தவுடன் கை கழுவச் செய்து, அதன் மூக்கைத் துடைத்து, இரவில் அருகே படுத்துக்கொள்ளும் பணியைத் தந்தையார் ஏற்கலாமே! தந்தைக்கே சளி கண்டால் அவர் வேறு அறையில் படுத்தலும், துண்டும் குவளையும் தனியே வைத்தலும், முகக்கவசம் அணிதலும் வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஊரார் அனைவரும் அணிந்ததை நம் மனைவியின் பொருட்டுச் சில நாள் அணிதல் அரிதன்று.

உறக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 2015இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 164 பேரின் மூக்கில் சளிக்கிருமியை இட்டு நோக்கினர். இரவில் ஆறு மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியோர்க்கு, ஏழு மணிக்கு மேல் உறங்கியோரினும் நான்கு மடங்கிற்கு மேல் நோய் கண்டது. அவர் கருவுற்றோர் அல்லர். எனினும் இதனை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நள்ளிரவில் பாத்திரம் கவிழ்த்து, நான்கு மணிக்கு எழுந்து கோலமிடுபவள் யார்?

நிற்க. எளிய நீர்க்கோவை பெரும்பாலும் வயிற்றுக் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. பத்து நாளுக்குள் தானே அகலும். கருவுற்ற நிலையில் நோயின்றியே மூக்கடைத்தலும் உண்டு, அதற்கு அஞ்சற்க. ஆனால் இன்புளுயன்சாக் காய்ச்சல் வேறு. 1918ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் உலகெங்கும் பரவிய அந்நோய் கருவுற்ற மகளிரையே கொடிதாக வருத்தியது. ஆகவே 2012இல் உலக சுகாதார நிறுவனம் அதன் தடுப்பூசியைக் கருவுற்றோர்க்கு முதன்மையாக இடவேண்டும் என்று கூறியது. எப்பொழுது இடுவது என்று மருத்துவரைக் கேட்டறிக. காய்ச்சல் 100.4 பாகைக்கு மேற்பட்டாலும், மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலித்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

மருந்து வாங்குதலில் நம்மவர் துணிச்சல் அளவிறந்தது. கடைக்காரர் கொடுத்த மாத்திரையைக் கருவுற்றவள் உண்ணலாகாது. ஐபுபுரோபென் போன்ற வலிநீக்கிகளை இருபது வாரத்திற்குப் பின் தவிர்க்குமாறு அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2020இல் எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகம் கெடும் என்பதே காரணம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் ஆகும். அதனையும் மருத்துவர் சொன்ன அளவே தருக. கிருமிக்கொல்லி மருந்து வைரஸின்முன் பயனற்றது. இருமலுக்கு நாம் மென்னும் அதிமதுரத்தையும் கருவுற்றோர்க்கு ஆகாத உணவாக 2016இல் பின்லாந்து நாட்டார் குறித்துள்ளனர். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் போர்வை மூடி ஆவி பிடித்தலில் சுடுநீர் கவிழ்ந்து வெந்தாரும் உளர். வெதுவெதுப்பான நீர் பருகுதல், உப்புநீர்ச் சொட்டு மூக்கில் இடுதல், தலையணை உயர்த்திப் படுத்தல் இவை போதும்.

இறுதியாக வளைகாப்பு. அது மங்கல விழா. அதனை யாம் குறைகூறோம். ஆயினும் அன்று நிகழ்வதைக் காண்மின்: அறுபது எழுபது பெண்டிர், அடைத்த கூடம், ஒவ்வொருவரும் தம் கையால் அவள் கன்னத்தில் சந்தனம் பூசுகின்றனர். கன்னத்திற்கும் கண்ணிற்கும் இடையே எத்துணைத் தொலைவு? சந்தனத்தை முன்கையில் மட்டும் பூசலாம். பூசுமுன் கை கழுவலாம். கூடத்தை விடுத்து முற்றத்தில் பந்தலிடலாம். சளியுடையோர் வாராமையைக் குற்றமாகக் கொள்ளும் வழக்கத்தையும் விடல் வேண்டும். வாராத அத்தையார்மேல் ஆண்டுக்கணக்கில் வருத்தம் காக்கும் குடும்பங்கள் நம்முள் உள. அழைப்பிதழின் அடியில், “சளி, காய்ச்சல் உடையோர் நலமுற்றபின் வந்து வாழ்த்துக” என்று ஒரு வரி அச்சிடலாம். நம் சங்கத் திருமணக்கூடத்தின் கைகழுவும் இடத்தில் சோப்பு இல்லாதிருப்பதையும் காரியதரிசியார் குறித்துக்கொள்வாராக. அடுத்த முகூர்த்தம் பத்து நாளில் வருகின்றது.