ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு



போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கைப்பேசியை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இளையராஜாவின் பாட்டு ஒன்று, கடைசிப் பல்லவிக்கு வந்திருக்கிறது. ஜானகியம்மா அந்தக் கடைசி வரியை இழுத்து முடிக்கப் போகிறார். அதற்குள் அடுத்த பாட்டின் டிரம்ஸ் அவர் குரல் மேல் ஏறிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாட்டுகளைத் தொகுப்பது ஒரு கலை. கேசட்டில் தொகுத்தாலும் சரி, சிடியில் தொகுத்தாலும் சரி, கைப்பேசியில் தொகுத்தாலும் சரி. பாட்டு இன்னொருவர் போட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடம் மட்டும்தான் நம்முடையது. திரும்பவும் சொல்கிறேன்: இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கிற இடம்தான் நம் கைவேலை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மேடை. நம் மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் பாட்டு ரசிகனுக்கு ஒரு பருவம் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் போதும்; கிள்ளான் பள்ளத்தாக்கில் தாமானுக்குத் தாமான் அம்மன் கோவில் திருவிழா, ராத்திரியானால் கலை நிகழ்ச்சி. 1990-களின் நடுவில் அப்படி ஓர் ஆடி முழுக்க நானும் என் அண்ணனும் அவருடைய மோட்டார் சைக்கிளில் சுற்றினோம். கிள்ளான், காப்பார், பூச்சோங், செந்தூல் என்று எங்கே மெல்லிசைக் குழு வருகிறதோ அங்கே இருப்போம். அண்ணனுக்குப் பாடகர்களைப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் முட்டி மோதி முன்னால் போய்விடுவார். நான் மேடையின் பக்கவாட்டில், கீபோர்டு வாசிப்பவரின் கை தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பேன்.

கிள்ளானில் ஒரு குழுவில் வாசித்த அண்ணன் ஒருவரை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழும். அவருடைய இடது கை மட்டும் ஒரே ஒரு சுரத்தை அழுத்தியபடி இருக்கும், எடுக்கவே மாட்டார். அறிவிப்பாளர் அந்தச் சுரத்தின் மேலேயே இரண்டு வார்த்தை பேசுவார். பாடகி வந்து மைக்கைச் சரிசெய்வார். அந்தச் சுரம் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அதே சுரத்திலிருந்து அடுத்த பாட்டின் முன்னிசை கிளம்பும். புதுப்பாட்டு வேறு சுருதியில் இருக்கும். ஆனால் கேட்பவருக்கு எங்கே மாறியது என்றே தெரியாது.

அந்த வித்தை இதுதான். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் ஒரு பாட்டு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டையும் ஒன்றரையிலேயே எடுத்தால் காது தூங்கிவிடும். இரண்டுக்குப் போனால் அரைக் கட்டை இடறும். நாலரைக்குப் போனால்? முதல் பாட்டின் சட்ஜம், அடுத்த பாட்டுக்குப் பஞ்சமமாகிவிடுகிறது. பழைய பாட்டின் வீடு புதுப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தாவல் தெரிவதில்லை. அவரைப் பார்த்த ராத்திரி வீட்டுக்கு வந்து ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து, என்னிடம் இருந்த கேசட்டுகளில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை கட்டை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன்.

அப்போது ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கேசட் கடைகள் அஞ்சடி வரைக்கும் பாட்டைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து கொடுக்கிற கடைகளும் இருந்தன. ஆனால் கடையில் பதிந்தால் பட்டியலில் உள்ள வரிசைதான் வரும். நடுவில் உள்ள இடத்தை யார் பார்ப்பார்கள்? நாடா தீர்ந்தால் கடைசிப் பாட்டும் பாதியில் நிற்கும். ஆகவே வீட்டில்தான் செய்ய வேண்டும்.

அறுபது நிமிஷக் கேசட். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நம் சினிமாப் பாட்டு நாலரை நிமிஷம், ஐந்து நிமிஷம் ஓடும். கணக்குப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஆறே பாட்டு. பிடித்த பாட்டு நூறு இருக்கும். அதில் தொண்ணூற்று நான்கை ஒதுக்கிவிட வேண்டும். இந்த நெருக்கடிதான் ரசனையைத் தீட்டுகிறது. தொண்ணூறு நிமிஷக் கேசட்டும் கிடைத்தது. அதன் நாடா மெல்லியது, சீக்கிரம் சிக்கும் என்பதால் நான் அதைத் தொட்டதில்லை.

கேசட்டின் தொடக்கத்தில் சில விநாடிகளுக்குப் பதிவாகாத வெள்ளை நாடா இருக்கும். பேனாவைத் துளையில் விட்டுச் சுற்றி, பழுப்பு நாடா எட்டிப் பார்க்கும் வரை கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதல் பாட்டின் முன்னிசை போய்விடும். பிறகு, ரெக்கார்டு பொத்தானையும் பாஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்திக் காத்திருக்க வேண்டும். முந்தைய பாட்டின் தாளத்தை வாயால் எண்ணிக்கொண்டே, புதுப்பாட்டின் முதல் அடி விழப்போகிற நொடியில் பாஸை விடுவிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் பிந்தினால் முதல் எழுத்து காணாமல் போகும். திரும்பச் சுற்று, திரும்பச் செய். அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடும் வரைக்கும் இதே வேலைதான்.

ஆறு பாட்டில் யார் இருக்க வேண்டும்? இங்கே நான் நடுநிலையாகப் பேசப் போவதில்லை. என் கணக்கில் ஒவ்வொரு பக்கத்திலும் மலேசியா வாசுதேவன் இருந்தாக வேண்டும்.

1944-இல் இந்த மண்ணில் பிறந்தவர். இங்கே நாடகக் குழுவில் பாடிக்கொண்டிருந்துவிட்டு, நடிகராகும் ஆசையோடு சென்னைக்குப் போனவர். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தில் கமலுக்காகப் பாடினார். அதோடு தமிழ்நாடு முழுக்க அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் ‘கிழக்கே போகும் ரயில்’, 1979-இல் ‘தர்ம யுத்தம்’, 1980-இல் ‘முரட்டுக் காளை’. ரஜினியின் துள்ளலுக்கும் அவர் குரல்தான், கிராமத்துக் காதலுக்கும் அவர் குரல்தான். ஊர் ஊராகப் போய்ப் பாடினாலும் பெயருக்கு முன்னால் நம் நாட்டை வைத்துக்கொண்டே வாழ்ந்தார். 2011 பிப்ரவரி 20-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

அவருடைய குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பாலசுப்ரமணியத்தின் குரலில் தேன் இருக்கிறது. யேசுதாஸின் குரலில் ஆழம் இருக்கிறது. இவருடைய குரலில் காற்று இருக்கிறது. வயல் வரப்பில் நின்று பாடுகிற மாதிரி கொஞ்சம் திறந்த குரல். எழுத்தை உச்சரிக்கும்போது பேச்சு தொனிக்கும். தொகுப்பில் தேன் குரல் இரண்டு பாட்டுக்குத் தொடர்ந்து வந்தால், மூன்றாவதாக இவரை வையுங்கள். காது நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பிறகு வருகிற பாட்டு எதுவானாலும் புதிதாகக் கேட்கும். இதை நான் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. மூன்றாவது இடம் வாசுதேவனுக்கு. மறந்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. 1985-இல் வந்த ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்காக அவர் பாடிய சோகப் பாட்டு; ஜானகியம்மா எதிர்க்குரல். சிவாஜி என்றால் டி.எம்.எஸ். குரல் என்று ஒரு தலைமுறையே பழகியிருந்தது. சிம்மம் போல முழங்குகிற அந்தக் குரலுக்குப் பதிலாக, வயதான மனிதர் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு குரலை இளையராஜா வைத்தார். வாசுதேவன் அந்தப் பாட்டில் எங்கேயும் உரக்கப் பாடுவதில்லை. கேள்வியை வைத்துவிட்டு நிற்கிறார். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்கு அவர் இடம் விடுகிறார் பாருங்கள், அதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. தன் குரலை நீட்டி இன்னொரு அலங்காரம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அடுத்தவர் வருவதற்கு இடம் கொடுத்துப் பாடத் தெரிந்த பாடகர். எனக்கு அந்தக் கிள்ளான் கீபோர்டு அண்ணனின் இடது கையை நினைவுபடுத்துகிற ஒரே குரல் இது.

இந்தப் பாட்டை எப்போதும் ஆறாவதாகத்தான் வைப்பேன். இதற்கு மேல் எந்தப் பாட்டையும் தொடுக்க முடியாது. மிச்சமுள்ள நாடாவை வெற்றாக ஓடவிடுவேன்.

தொகுப்பு யாருக்காவது செய்யப்பட வேண்டும். பொதுவாகச் செய்தால் வரிசை கூடி வராது. எங்கள் மாமா ஒருவர் போர்ட் கிள்ளானிலிருந்து ஜோகூருக்கு ராத்திரி லோரி ஓட்டினார். அவருக்குத் தாலாட்டு கூடாது, சோகம் கூடாது, சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்க வேண்டும், வீரமும் வேண்டும். மாமாவின் கேசட்டில் மட்டும் ‘முதல் மரியாதை’க்கு இடமில்லை, ‘முரட்டுக் காளை’ இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மாமா வந்து சொல்வார், “அய்யா, நாலாவது பாட்டுல கண்ணு சொக்குதுடா, மாத்து.” அதைவிடச் சரியான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. பின்னாளில் கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கோமுட்டர் ரயில் ஏறும்போது எனக்காகவும் ஒன்று செய்துகொண்டேன்: அங்காசாபுரி தாண்டும்போது இரண்டாவது பாட்டு, சுபாங் ஜெயாவை நெருங்கும்போது பக்கம் மாற்ற வேண்டும்.

இப்போது மேடைக்கு வருவோம். பெரிய நிகழ்ச்சிகளைக் குறை சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ரஹ்மான் பாடியபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நெஞ்சு நிறைந்துதான் வீடு திரும்பினேன். என் வருத்தம் சின்ன மேடைகளைப் பற்றியது. ஆறு பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் இன்றைக்கு ஒரு மடிக்கணினி. குரல் நீக்கிய மைனஸ் ஒன் டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடுகிறார்கள். டிராக் முடிந்தால் நிசப்தம். அடுத்த கோப்பைத் தேடுகிறார்கள். இல்லையென்றால் மெட்லி: ஒரு பல்லவி, உடனே அடுத்த பல்லவி. சரணம் கிடையாது. இடையிசை கிடையாது. இளையராஜா ஒவ்வொரு இடையிசையையும் தனிப் படைப்பாகவே எழுதியிருக்கிறார். வயலின்கள் வேறெங்கோ கூட்டிப் போய்விட்டு, சரணத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்கும். அதை வெட்டினால் பாட்டில் என்ன மிச்சம்? திரும்பவும் சொல்கிறேன்: இடையிசையை வெட்டாதீர்கள்.

புதியது என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டு வந்தார்கள். ‘நிழல்கள்’ படத்தில் பாலசுப்ரமணியம் பாடிய பாட்டை எடுத்து, அதற்குள் தமிழ் ராப்பை வைத்தார்கள். இந்த ஊர்ப் பையன்கள் செய்தது. பழைய மெட்டு எங்கே நிற்க வேண்டும், புதுச் சொல் எங்கே நுழைய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமே ‘பொல்லாதவன்’ படத்துக்கு யோகி பியைச் சென்னை கூப்பிட்டுக்கொண்டது. அதே கைவேலைதான், கருவிதான் வேறு.  

இந்த ஆடியில் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் தாமான் கோவிலில் வாத்தியங்களோடு குழு வருகிறதா என்று கேளுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், செலவு கூடினாலும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுங்கள். மடிக்கணினிக்கு மாலை போடாதீர்கள். போனால் மேடைக்கு நேரெதிரே உட்கார வேண்டாம். பக்கவாட்டில் நின்று, பாட்டு முடிகிற நேரத்தில் வாசிப்பவர்களின் கையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற அந்த வசதியை அணைத்துவிடுங்கள். தானாக அடுத்த பாட்டைத் தேடுவதையும் அணைத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவரை நினைத்துக்கொண்டு ஆறு பாட்டை வரிசைப்படுத்துங்கள். ஏழாவது வேண்டாம். மூன்றாவது யார் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் முழு அரை மணி நேரமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் இடறுகிறதோ, அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள்.