யூரிக் அமிலமும் முதுமையில் தேயும் தசையும்

அன்னதானப் பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்து உண்ட முதியவர், எழும்போது பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொள்கிறார். பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தவர் ஒரு சுற்றோடு நின்றுவிடுகிறார். "வயதாகிவிட்டது" என்று அவரும் சொல்கிறார். பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் மருத்துவ உலகம் இதனை வெறும் முதுமை என்று விட்டுவிடவில்லை.

1989-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் இந்நிலைக்குச் 'சார்க்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். சதைக் குறைவு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் இத்தேய்வு விரைவு பெறுகிறது. தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறைவதால், தடுமாறி விழுதலும் எலும்பு முறிவும் நேர்கின்றன.

இதற்கும் யூரிக் அமிலத்திற்கும் என்ன தொடர்பு? உயிரணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது உண்டாகும் கழிவே யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிகேஸ் என்னும் நொதி அதனை மேலும் கரைத்துவிடுகிறது. மனிதனிடம் அந்நொதி செயற்படுவதில்லை. எனவே மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது மூட்டுகளில் படிகமாகப் படியக்கூடும். அதுவே கவுட் எனப்படும் மூட்டுவாதத்திற்கு வழிவகுக்கிறது.

ஆயினும் இவ்வமிலத்திற்கு இரு முகங்கள் உண்டு. இரத்தத்தில் அது உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருளாகச் செயற்படுகிறது. உயிரணுவின் உள்ளே மிகுந்துவிட்டாலோ, அழற்சியைத் தூண்டுகிறது. ஆய்வுகளும் இவ்விரு முகங்களையே காட்டுகின்றன. இத்தாலியின் கியாந்தி வட்டார முதியோரிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்தில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னும் தசை வலிமை நன்றாக இருந்தது. மறுபுறம், நாற்பது வயதைக் கடந்த அமெரிக்கரைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வில், 8 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் தசைத் தேய்வு காணப்படும் வாய்ப்பு, 6-க்குக் குறைவானவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இவை முரண்போலத் தோன்றினும் விளக்கம் உண்டு. நன்கு உண்ணும் முதியவரிடம் புரதமும் இருக்கும், யூரிக் அமிலமும் ஓரளவு இருக்கும். உணவு சுருங்கினால் இரண்டும் குறையும். சிறுநீரகம் தளர்ந்தாலோ உடற்பருமன் கூடினாலோ அமிலம் உயரும், தசையும் மெலியும். ஆதலால் இவ்வமிலத்தைத் தசைத் தேய்வின் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. உடல்நிலையைக் காட்டும் அறிகுறியாகவும் அது இருக்கலாம். தசைக்கு நல்லது என்றெண்ணி அதனை உயர்த்த முயல்வதும், கவுட் நோயாளி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறாகும்.

இங்கேதான் பல இல்லங்களில் ஒரு பிழை நேர்கிறது. இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடுதல் என்று தெரிந்தவுடன் பருப்பு, பயறு, கீரை யாவும் தட்டிலிருந்து விலக்கப்படுகின்றன. வெறும் சோறும் இரசமுமே மிஞ்சுகின்றன. கால் வலிக்கு அஞ்சி நடையும் நின்றுபோகிறது. மூட்டைக் காக்கப் போய்த் தசையை இழக்கின்றனர். 47,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆடவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2004-இல் வெளிவந்த ஆய்வு, இறைச்சியும் கடல் உணவும் கவுட் நோய் வாய்ப்பைக் கூட்டின என்றும், பயறு, கீரை போன்றவை கூட்டவில்லை என்றும், பால் பொருள்கள் குறைத்தன என்றும் கண்டது. ஆகவே குறைக்க வேண்டியவை ஈரல், குடல், மத்தி, நெத்திலி, பீர், சீனி கலந்த குளிர்பானங்கள் ஆகியவையே. பருப்புக்கும் மோருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் முதியோருக்குத் தேவை என்பது 2013-இல் வல்லுநர் குழு ஒன்று அளித்த பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவர் வகுக்கும் அளவையே கடைப்பிடித்தல் வேண்டும்.

தசையின் நிலையை வீட்டிலேயே அறியவும் வழியுண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்தல் வேண்டும். அதற்குப் 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகுமானால் மருத்துவரை நாடுவது நலம் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல். அவ்வாறு எழுந்து அமர்வதே சிறந்த பயிற்சியுமாகும். மூட்டு வீங்கியிருக்கும் நாள்களில் ஓய்வு தேவை. வீக்கம் வடிந்தபின் பயிற்சியை மெல்லத் தொடர வேண்டும்.

பந்தியில் தோளைப் பற்றி எழுகின்ற முதியவருக்குக் கைகொடுப்பது அன்பு. அவர் தட்டில் பருப்பு இருக்கிறதா, அவர் நாள்தோறும் நடக்கிறாரா என்று கவனிப்பதும் பிள்ளைகளின் கடமையாகும்.