மீண்ட கணினியும் மீளாத மடல்களும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பங்கோரும் நச்சுநிரலொன்று தாக்கிற்று. அமைப்பு விரைவிலேயே மீட்கப்பட்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரிய மடல்கள் மீளவில்லை. அந்நாட்களுக்கான காப்புப்பிரதி இருக்கவில்லை.

கணினியை மீட்டல் என்பது அதனைப் பழைய நாளொன்றுக்குத் திருப்பிவிடுவதேயாம். பின்னர் வந்த மடல்கள் வேறோரிடத்தில் இருந்தாலன்றித் திரும்பா. அவ்விடம் உண்டா என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிறு அமைவு. 'பொப்' முறையில், பிரதியை விட்டுவைக்குமாறு நாம் குறித்திராவிடின், சேவையகம் எனும் தொலைக் கணினியிலுள்ள மூலம் அழிக்கப்படும். தபாற்கந்தோரிலிருந்து கடிதத்தை வாங்கி வந்துவிடுவது போல. 'ஐமெப்' முறையில் மூலம் கந்தோரிலேயே தங்கும். கணக்கை மீண்டும் சேர்த்தால் யாவும் வந்துசேரும். எனினும் 2023இல் அழிந்தவை சேவையகத்தில் இருந்தவையே. ஆதலால் வெளிவட்டிலும் ஒரு பிரதி வேண்டும்.

எல்லயிலும் பதுளையிலும் தோட்டப் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் இன்று பாடசாலை மின்னஞ்சலுக்கு வருகின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்பின் ஒரு தாளுக்காகக் கந்தோர் கந்தோராய் அலைந்த சமூகம் நம்முடையது. தொலைந்ததை மறுபடி அனுப்புமாறு லயத்துத் தாயொருத்தியிடம் சொல்வது எளிது. அதற்கென அவள் பதுளைக்குப் போய்வந்தால் ஒருநாட் சம்பளம் போய்விடும்.

ஆகவே, திருத்துபவரிடம் கணினியை ஒப்படைக்குமுன் 'அவுட்லுக்' கோப்பைப் பிரதிசெய்து வையுங்கள். மீண்டபின், முதல் மடலை இறக்குமுன்னர் அமைவைப் பாருங்கள். பழைய நாளுக்குத் திரும்பிய கணினி பழைய அமைவையும் உடன் கொண்டுவந்திருக்கும்.