நான்கடிப் பலகையில் ஓர் இரயில் நிலையம்

(தோட்டப் பொது மண்டபத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாதிரி இரயில். விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிக் களைத்தவர்களிடம் விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் இரயில் நமக்கு அயலானதன்று. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இந்நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் நீண்ட இருப்புப் பாதைகளுக்காக மண் வெட்டியவர்களிலும் கல் சுமந்தவர்களிலும் நம் முன்னோர் பலர் இருந்தனர். ஆகவே, இரயிலைக் கண்டதும் நம் பிள்ளைகளின் கண்கள் விரிவதில் வியப்பில்லை.

ஆனால், “நம் வீட்டிலும் ஓர் இரயில் ஓடவேண்டும்” என்று பிள்ளை கேட்டால் நாம் கூறும் விடை ஒன்றே: “இடம் எங்கே இருக்கிறது?”

நாங்களும் ஒருமுறை முயன்று தோற்றோம். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பலகை ஒன்றை வாங்கி அதன்மேல் வட்டப் பாதை அமைத்தோம். இரயில் சுற்றிச் சுற்றி வந்தது. பலகையை விரித்தாலோ பாய் விரிக்க இடமில்லை. நிமிர்த்தி வைத்தாலோ கதவைத் திறக்க வழியில்லை. ஒரு திங்களுக்குள் அப்பலகை கோழிக்கூட்டின் கூரையாயிற்று. பலகை போனதில் எமக்கு வருத்தமில்லை. அதன்பின் எங்கள் மகன் இரயிலைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டான், அதுவே வருத்தம். பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டால், அது ஒரு வீட்டிற்குச் சிறிய இழப்பன்று.

எமது பிழை யாது? ஓடுவது மட்டுமே இரயிலின் வேலை என்று எண்ணினோம். சரக்குப் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, வேண்டிய வரிசையில் நிறுத்துவதும் இரயிலின் வேலையே. அவ்வேலைக்கு நெடுந்தூரம் தேவையில்லை.

இதனை நன்குணர்ந்தவர் இங்கிலாந்து நாட்டின் ஆலன் ரைட் என்பவர். அந்நாட்டின் வடபகுதியில் கில்ஹம் என்னுமிடத்தில் இருந்த சிறிய சரக்குப் பாதைகளைக் கருத்திற் கொண்டு, ஏறத்தாழ நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகையில் அவர் ஒரு மாதிரி அமைத்தார். அதற்கு ‘இங்கிள்நுக்’ என்று பெயர். இன்றும் பல நாடுகளில் அதனைப் பின்பற்றிப் பலகைகள் செய்யப்படுகின்றன.

அதன் அமைப்பு மிக எளிது. பக்கப் பாதைகள் மூன்று. ஒன்றில் ஐந்து பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். மூன்றும் ஒன்றுகூடும் முன்பாதையில் இஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே நிற்க இயலும். பாதை மாற்றிகள் இரண்டு போதும். பெட்டிகள் எட்டு.

இனி ஆட்டத்தைக் கேளுங்கள். எட்டுப் பெட்டிகளுக்கும் எண்கள் இடுக. நீண்ட பாதையில் ஐந்தையும், குறும்பாதை ஒன்றில் மூன்றையும் நிறுத்துக. எட்டு எண் சீட்டுகளை ஒரு டப்பாவில் இட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசைப்படியே ஐந்து பெட்டிகளும் நீண்ட பாதையில் நின்றாக வேண்டும். பெட்டியைக் கையால் தூக்கலாகாது. இஞ்சின்தான் இழுக்கவும் தள்ளவும் வேண்டும். கொக்கியைக் கழற்ற மட்டும் சிறு குச்சியைப் பயன்படுத்தலாம்.

எளிதென்று தோன்றும். ஆனால் வேண்டிய பெட்டி மற்றொன்றின் பின்னே மறைந்திருக்கும். அதனை எடுக்க முன்னதை நகர்த்த வேண்டும். நகர்த்தியதை வைக்க வேறோர் இடம் தேட வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்கும் வழிகள் 8×7×6×5×4, அதாவது 6,720. நாளொன்றுக்கு ஒரு வரிசை ஆடினாலும் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும்!

செய்முறையில் ஒன்றை மறவாதீர்கள்: முதலில் பெட்டியை அளந்து, பின்னரே பாதையை வெட்டுக. 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் சிறு சரக்குப் பெட்டி ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆகவே ஐந்து பெட்டிகளுக்கு 40 சென்டிமீட்டரும், மூன்றுக்கு 24 சென்டிமீட்டரும் வேண்டும். முன்பாதைக்கு இந்த 24உடன் இஞ்சினின் நீளத்தைக் கூட்டுக. முன்பாதை சிறிது குறைந்தாலும் கடைசிப் பெட்டி பாதை மாற்றியின் மேலேயே நின்றுவிடும், ஆட்டம் நடவாது. 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சிறிய வகையைத் தேர்ந்தால் ஏறத்தாழ இதில் பாதி இடமே போதும்.

இத்தகைய இஞ்சின்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. ஒரு தண்டவாளத்தின் வழி வரும் மின்சாரம் சக்கரங்களின் வழியே மோட்டாரை அடைந்து, மறு தண்டவாளத்தின் வழி திரும்புகிறது. மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் இஞ்சின் பின்னோக்கிச் செல்லும். வீட்டு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் கருவியைக் கடையிலேயே வாங்க வேண்டும். அதனை நாமே செய்யவோ பிரிக்கவோ கூடாது.

நிலையத்தின் பின்னே ஒரு குன்று வேண்டுமா? அதற்கு நம் மரத்தின் பாலே உதவும். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைக்கப்பட்ட செறிந்த இரப்பர்ப் பாலைக் கருங்கல் ஒன்றின்மேல் மெல்லிதாகப் பூசி உலர விடுவர். இவ்வாறு பல முறை பூசி, இடையே மெல்லிய வலைத்துணி வைத்து, முற்றும் காய்ந்தபின் உரித்தெடுத்தால் கல்லின் ஒவ்வொரு வரியும் பதிந்த அச்சு கிடைக்கும். அதில் பாரிஸ் சாந்தை ஊற்றினால் பாறை தயார். உலகின் பல பாகங்களில் மாதிரி இரயில் செய்வோர் கையாளும் முறை இது.

செலவுக்கு வழியில்லாதவர் மனம் தளர வேண்டா. அட்டையில் பாதையை வரைந்து, எட்டுத் தீப்பெட்டிகளுக்கு எண்களிட்டு, ஒன்பதாவது பெட்டியை இஞ்சினாகக் கொண்டு இன்றிரவே ஆடலாம். நாங்களும் இரண்டாம் முறை அவ்வாறே தொடங்கினோம். விட்டுவிட்ட மகன் மீண்டும் அருகில் வந்து அமர்ந்தான். “அப்பா, ஐந்தாவது பெட்டியை முதலில் ஒதுக்குங்கள்” என்றான். அவன் சொன்னதே சரியாக இருந்தது. பலகையும் தண்டவாளமும் அதன்பின் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இப்போது அந்நிலையம் அலமாரியின் மேல் இருக்கிறது. பாய் விரிக்க இடமும் இருக்கிறது.

அன்பர்களே, முன்பாதையில் மூன்று பெட்டிகளுக்கே இடம் என்பதனால்தான் அவ்வாட்டத்தில் சிந்தனைக்கு வேலை உண்டாயிற்று. பத்துப் பெட்டிகளுக்கு இடம் இருந்தால் அங்கே புதிர் ஏது? ஆகவே, அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது “இடம் இல்லை” என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். அளவுகோலை எடுத்து வரச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து அலமாரியின் மேற்புறத்தை அளந்து பாருங்கள்.